நீர்மாலையை மறித்தவள்

முத்துக்கனியைப் பற்றி காஞ்சிரவிளையில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது. இருக்கிற ஒரே அபிப்பிராயம் நல்லதும் இல்லை. அவள் பெயரைக் கேட்டதும் முகத்தைச் சுளிக்கிற பெண்கள், சுளித்த முகத்தை அவள் கட்ட வைத்த கிணற்றுத் தண்ணீரில்தான் கழுவுகிறார்கள். ஊர் என்றால் அப்படித்தான். நன்றி கெட்டது என்று திட்டவும் மனம் வரவில்லை. அவள் செய்த காரியம் அப்படி.

இராஜாக்கமங்கலம் போகிற வழியில், கடல் இரைச்சல் காதில் விழும் தூரத்தில் இருக்கிறது காஞ்சிரவிளை. தேங்காய்க் கதம்பலைச் சேற்றில் அழுகப் போட்டு, எடுத்து, தடியால் அடித்து நாராக்கிக் கயிறு திரிப்பது முத்துக்கனியின் வேலை. புருஷன் தாணுலிங்கம் மாட்டுவண்டி வைத்திருந்தான். கயிற்றையும் தேங்காயையும் கோட்டாறு கடைத்தெருவுக்கு ஏற்றிப் போவான், திரும்பும்போது உப்பு, புளி, மண்ணெண்ணெய் என்று கொண்டு வருவான். மூத்தவன் கிருஷ்ணமணி, இளையவள் நாகம்மை. முத்துக்கனிக்குத் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. வாய் மட்டும் உண்டு. கயிறு விற்க அது போதுமாக இருந்தது.

ஊருக்கு நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான். மற்றதெல்லாம் உப்புக் கரிக்கும். கோயிலுக்குப் போகிறவர்களும் கிறிஸ்தவ சபைக்குப் போகிறவர்களும் அந்த ஒன்றில்தான் கோர வேண்டும். அதற்குச் சுற்றுச்சுவர் இல்லை, தரையோடு தரையாகத் திறந்து கிடக்கும். வீட்டுக்கு ஒரு பனையோலைப் பட்டை, வீட்டுக்கு ஒரு கயிறு. தொழுவத்தில் கிடந்த பட்டையை அப்படியே உள்ளே விடுவார்கள். குளிப்பதும் துவைப்பதும் கரையில்தான். அழுக்குத் தண்ணீர் வந்த வழியே உள்ளே இறங்கும். பாட்டன் குடித்தான், பூட்டன் குடித்தான், நமக்கென்ன வந்தது என்று எல்லோரும் குடித்தார்கள்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் ஆடி மாதத்தில் தெற்கு வீட்டுப் பெரியவர் வாந்திபேதியில் போனார். பெரிய வீட்டுச் சாவு, குறை வைக்காமல் நீர்மாலை எடுத்தார்கள். பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டு வருவதுதான் நீர்மாலை. மகன்களும் பங்காளிகளும் செத்தவர் வீட்டுக் குடங்களையே எடுத்துக்கொண்டு ஈர வேட்டியோடு ஊர்க்கிணற்றுக்குப் போவார்கள். தலைக்கு மேல் வெள்ளைத் துணி விரித்துப் பிடிக்க வேண்டும், சங்கு ஊத வேண்டும். குடத்தின் கழுத்தில் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, முழுக்க முங்கவிட்டு எடுக்க வேண்டும். வேறொன்றில் கோரி ஊற்றி நிறைத்தால் அது நீர்மாலை ஆகாது, செத்தவன் தாகம் தீராமல் அலைவான் என்பது நம்பிக்கை. அன்றைக்குக் கிணற்றடியில் குரவையிட்ட பெண்களில் முத்துக்கனியும் ஒருத்தி. குரவை முடிந்ததும் தன் பட்டையை இறக்கி வீட்டுக்கு ஒரு குடம் கோரிக்கொண்டும் போனாள்.

அந்த வாரம் தெருவில் வரிசையாகச் சாவு விழுந்தது. பறையடிக்கிறவன் கையே ஓய்ந்தது. நாகம்மைக்கு ஏழு வயது. காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், மத்தியானத்துக்குள் கண் குழிந்து கிழவியாகிவிட்டாள். "எம்மா, வெள்ளம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தண்ணீர் கொடுத்தால் பேதி கூடும் என்று பெரியவர்கள் சொன்னதால் முத்துக்கனி கொடுக்கவில்லை. துணியை நனைத்து உதட்டில் மட்டும் வைத்தாள். பிள்ளை அந்தத் துணியைக் கடித்து உறிஞ்சப் பார்த்தது. சாயங்காலம் போய்விட்டது.

எல்லாம் முடிந்த பிறகு நாகர்கோவிலிலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் கிணற்றுக்கு மருந்து போட வந்தார். கூடி நின்றவர்களிடம், "சாவு வீட்டுக் குடத்தை நேரா இதுக்குள்ளயா விட்டீங்க?" என்று கேட்டார்.

தாணுலிங்கத்தின் அண்ணன் குமாரதாஸ்தான் பதில் சொன்னான். ஊரில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிறவன் அவன். "பின்ன? நீர்மாலை எடுக்காம பொணத்தைத் தூக்கச் சொல்லுகீரா?"

"சீக்காளி கை பட்ட குடம். அதிலிருந்த நோய் கிணத்துக்குள்ள போயாச்சு. அதைத்தான் ஊரே குடிச்சிருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறிப் போனார்.

குமாரதாஸ் சிரித்தான். அந்தக் குடம் முங்கும்போது குரவையிட்டது முத்துக்கனியின் நாக்கு. அந்தத் தண்ணீரைக் கோரியது அவள் கை. பிள்ளைக்குக் காய்ச்சாமல் பச்சைத் தண்ணீராகவே ஊற்றிக் கொடுத்ததும் அதே கை. பிள்ளையைப் பேய் அடித்தது, அம்மன் எடுத்துக்கொண்டாள் என்றெல்லாம் இனி அவளால் அழ முடியாது. அழுகைக்கு ஒரு சாய்மானம் வேண்டும், அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார் அந்த மனுஷர்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சு, கிணற்றுப் பேச்சு. சுவர் கட்ட வேண்டும், அழுக்குத் தண்ணீர் போக ஓடை வேண்டும், வீட்டுக்கொரு பட்டை கூடாது, ஊருக்கு ஒரே வாளி போதும். கோர வருகிற பெண்கள் அவளைக் கண்டதும் அவசரமாக நடந்தார்கள். "புள்ள போன துக்கத்துல கோட்டி பிடிச்சிருக்கு," என்றார்கள். நாகர்கோவில் ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். ஊர் அப்போது மலையாள ராஜ்யத்தில் இருந்தது, மனுவை மலையாளத்தில் எழுதச் சொன்னார்கள். எழுதி வாங்கிக்கொண்டு போனால் வேறு ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகரும், ஆபீஸ் நகராது.

கடைசியில் வழி சொன்னது ராகேல். பக்கத்து வளவுக்காரி, மிஷன் பள்ளியில் நாலெழுத்து படித்தவள், அந்த ஆடியில் தங்கையைப் பறிகொடுத்தவள். ஐம்பத்து மூன்றில் பஞ்சாயத்துத் தேர்தல் என்று தெரிந்ததும், "ஒனக்கு வாய் இருக்கு, எனக்கு எழுத்து இருக்கு. நில்லு பிள்ளே," என்றாள்.

தாணுலிங்கம் வயிறு குலுங்கச் சிரித்தான். "நீ மெம்பராயிட்டா எனக்குக் கஞ்சி யாருட்டி காச்சுகது?"

"நீரு காச்சும். எனக்கும் சேத்து ஒரு கை அரிசி போடும்."

சிரித்தானே தவிர, தேர்தல் அன்று காலையிலிருந்து வண்டியைப் பூட்டி, நடக்க முடியாத கிழடுகளை எல்லாம் வாரிப் போட்டு வோட்டுச் சாவடிக்குக் கொண்டுவந்து இறக்கினான். இத்தனைக்கும் எதிர்த்து நின்றவர்களில் ஒருவன் அவனுடைய கூடப்பிறந்த அண்ணன் குமாரதாஸ். இன்னொருவன் குமாரதாஸின் பகையாளி. இரண்டு பேரும் பங்காளி வோட்டைப் பாதியாகக் கிழித்துக்கொள்ள, சபை வீட்டு வோட்டும் பிள்ளை செத்த வீட்டு வோட்டும் முத்துக்கனிக்கு விழுந்தது. தம்பி பெண்டாட்டியிடம் தோற்றவன் என்ற பெயரோடு குமாரதாஸ் வெகுநாள் வெளியே தலைகாட்டவில்லை.

மெம்பரானவளுக்கு 'இரு' என்று ஒரு நாற்காலி காட்டப் பஞ்சாயத்து ஆபீசில் நாதியில்லை. மூலையில் நிற்பாள். மற்ற மெம்பர்கள் தமிழ்நாட்டோடு சேருவதைப் பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். நாடே அந்தப் பேச்சாகத்தான் இருந்தது, அதில் உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு. முத்துக்கனி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சேருங்கோ, நல்லாச் சேருங்கோ. எந்த ராஜ்யத்தோட சேந்தாலும் மனுசன் வெள்ளம் குடிக்கணும்லா? அந்தக் கெணத்தை எப்பக் கெட்டப் போறியோ?" என்று கேட்பாள். இரண்டு வருஷம் இதையே கேட்டாள். இவள் வாயை அடைப்பதைவிடக் கிணற்றுக்குச் சுவர் வைப்பது லேசு என்று அவர்களுக்குத் தோன்றிய அன்று காரியம் நடந்தது.

இடுப்புயரச் சுவர், சுற்றிலும் சிமெண்டுத் தளம், ஓடை, கப்பி, சங்கிலியில் தொங்கும் ஒரே வாளி. வாளி தரையில் படக் கூடாது. ஊரில் கிணற்றுக் கயிறு விற்று வந்தவளே சங்கிலி கொண்டு வந்ததால் அவள் வியாபாரம் படுத்தது. "தனக்குத் தானே சூனியம் வச்சவளை இப்பத்தான் பாக்கேன்," என்று தாணுலிங்கம் கேலி செய்தான். சபைக்காரி தொட்ட வாளி, தீட்டுக்காரி தொட்ட வாளி என்று கொஞ்ச நாள் சண்டை நடந்தது. பிறகு கை வலிக்காமல் கோர முடிகிறதே என்று அடங்கிப்போனார்கள்.

கிணறு கட்டத் தீர்மானம் போட்ட கூட்டத்திலேயே இன்னொன்றும் சொன்னாள். எந்தச் சாவானாலும் சாவு வீட்டுக் குடம் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. ஊர் வாளியால் கோரி, சுவருக்கு வெளியே வைத்துக் குடத்தை நிறைத்துக்கொள்ள வேண்டும். மெம்பர்கள் சரியென்று கையைத் தூக்கினார்கள். சாவு அடுத்த வீட்டுக்கு வருகிற விருந்தாளி என்றுதானே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்?

முதலில் போனது மேலத்தெருக் கிழவி. வயதாகி விழுந்த சாவு, நோய் நொடி இல்லை. என்றாலும் முத்துக்கனி கிணற்றடிக்குப் போய் நின்றுகொண்டாள். கிழவியின் மகன்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வாளியில் கோரி ஊற்றிக்கொண்டார்கள். போகும்போது மூத்தவன் திரும்பிப் பார்த்து, "ஒனக்க வீட்டுல எழவு விழாமலா போவும்? அன்னைக்குப் பாக்கேன்," என்றான்.

ஐம்பத்தாறு சித்திரையில் கால்வாய் வறண்டு வெடித்துக் கிடந்தது. கிணற்றிலும் தண்ணீர் அடியில். அக்கம்பக்கத்து ஊர்களில் பேதி என்று பேச்சு வந்துவிட்டது. சந்தைக்கு வண்டி கொண்டு போன தாணுலிங்கம் திரும்பி வரும்போது மாடு தானாக வழி தெரிந்து வந்து நின்றது. அவன் வண்டிக்குள் சுருண்டு கிடந்தான்.

முத்துக்கனி இந்த முறை வெள்ளம் கொடுத்தாள். காய்ச்சி ஆற்றி, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் வெந்நீருமாக ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஊற்ற ஊற்ற வெளியே வந்தது. கிருஷ்ணமணி டாக்டரைக் கூட்டிவர ஓடினான். டாக்டர் வேறொரு ஊரில் பேதிக்காரர்களோடு இருக்கிறார் என்று தெரிந்து வெறுங்கையோடு திரும்பினான். ராகேல் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினாள். விடிந்து வெயில் ஏறியபோது தாணுலிங்கத்தின் கைவிரல் எல்லாம் தண்ணீரில் ஊறியது மாதிரி சுருங்கிப் போயிருந்தது. குரல் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"ஏட்டி, எனக்கு நீர்மாலை முறையா எடுக்கணும் கேட்டியா. கோரி ஊத்தினது வேண்டாம். கொடம் முங்கணும். இந்தத் தாகத்தோட என்னால அங்கயும் கெடக்க முடியாதுட்டி."

"செரி," என்றாள் முத்துக்கனி.

"சத்தியமா?"

"சத்தியமா."

வாசலில் நின்ற கிருஷ்ணமணி அதைக் கேட்டான். ஆயுள் முழுக்க அவளைக் கேலி செய்தாலும் ஒரு காரியத்துக்கும் குறுக்கே நிற்காதவன், கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டான். அவள் கொடுப்பாள் என்று நம்பித்தான் கண்ணை மூடினான்.

உச்சி வெயிலில் நீர்மாலைக்கு ஆள் கிளம்பியது. முன்னால் கிருஷ்ணமணியும் குமாரதாஸும் ஈர வேட்டியோடு நடந்தார்கள், பின்னால் பங்காளிகள் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்து வந்தார்கள், சங்கு ஊதியது. குடங்கள் தாணுலிங்கம் கிடந்த அறையிலிருந்து எடுத்தவை. அவனுக்கு ஊற்றியதும், அவன் வாந்தியைக் கழுவியதும் அவற்றிலிருந்துதான்.

பிணத்தின் பக்கத்தில் தலைவிரித்துக் கிடக்க வேண்டியவள் எழுந்தாள். ராகேல் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் பிள்ளே. இன்னைக்கு ஒரு நாள் விட்டிரு. பெறவு மருந்து போட்டுக்கிடலாம்."

"மருந்து எப்பக்கா வரும்? அதுவரைக்கும் ஒனக்க பேத்தி எதைக் குடிப்பா?"

ராகேல் கையை விட்டாள். முத்துக்கனி பின்பக்கமாகக் குறுக்குவழியில் ஓடினாள். கணவன் பிணத்தைப் போட்டுவிட்டுத் தெருவில் ஓடுகிறவளை ஊர் அதுவரை கண்டதில்லை. அவர்கள் வந்து சேரும்போது அவள் கிணற்றுச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் கிணறு. சங்கு நின்றுவிட்டது.

"அத்தான், கொடத்தைத் தாழ வையுங்கோ. வாளியில கோரி ஊத்தலாம்," என்றாள்.

கணவனின் அண்ணன் முகத்தை நேருக்கு நேர் பார்த்து அவள் பேசியது அன்றுதான். குமாரதாஸ் கத்தவில்லை. "வோட்டுல தோத்த வஞ்சத்துக்கு நான் இதைச் செய்யுகேன்னு நெனைக்காத. அவன் எனக்க தம்பி. ஒரே வயித்துல கெடந்தவன். அவனுக்குக் கோரி ஊத்தின வெள்ளம் கொண்டு போக எனக்கு மனசில்ல. எறங்கு."

"எறங்க மாட்டேன். என்னத் தள்ளிட்டுக் கொடத்தை எறக்குங்கோ."

ஒரு தள்ளு போதும். ஆனால் ஆள் விழுந்து செத்த கிணறு எதற்கும் ஆகாது என்பது அவர்களுக்கும் தெரியும். கூட்டத்தில் மேலத்தெருக் கிழவியின் மகன்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எங்கம்மைக்கு ஒரு நியாயம், உன் புருஷனுக்கு ஒரு நியாயமா என்று கேட்கக் காத்திருந்த வாய்கள் அவை. இப்போது அதற்கும் வழியில்லாமல் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தன்கூட, அவள் சொல்வது சரி என்று சொல்லவில்லை.

கிருஷ்ணமணி குடத்தோடு முன்னால் வந்தான். "எம்மா, அப்பா ஒன்கிட்ட கேட்டாருல்லா? நீ சத்தியம் பண்ணினியா இல்லியா?"

"பண்ணினேன்."

"பெறவு?"

"பொய்ச் சத்தியம் மக்கா. சாகப் போற மனுசன்கிட்ட மாட்டேன்னு சொல்ல வாய் வரல. நாகம்மை வெள்ளம் வெள்ளம்னு கேட்டது ஒனக்கு நெனவில்லியா? இந்தக் கொடம் உள்ள முங்கினா நாளைக்கு எத்தனை பிள்ளை அப்படிக் கேக்கும்?"

அவன் அழுதான். இருபது வயதுப் பையன், ஈர வேட்டியும் மழித்த தலையுமாக, ஊர் பார்க்க அழுதான். அவன் ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால் இறங்கியிருப்பாளோ என்னவோ. அவன் கெஞ்சவில்லை. குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தான்.

கால்வாயில் சொட்டு இல்லை. குளம் சேறு. தென்னந்தோப்புகளைத் தாண்டிக் கடலுக்குப் போனார்கள். அலையில் குடத்தை முங்கவிட்டு எடுத்து வந்தார்கள். தாகம், தாகம் என்று செத்தவனை உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். வீட்டு முற்றத்தில் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற முத்துக்கனியைக் குமாரதாஸின் மனைவி கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து, "பாருட்டி, கண்ணு குளிரப் பாரு," என்று மண்ணை வாரித் தூற்றினாள். அவள் பார்த்தாள். நெஞ்சு வெடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெடிக்கவில்லை.

அந்தச் சித்திரையில் சுற்றுவட்டாரத்து ஊர்களில் எல்லாம் ஆள் போனது. காஞ்சிரவிளையில் தாணுலிங்கத்தோடு நின்றது. கிணற்றால் நின்றது என்று யாரும் சொல்லவில்லை. அம்மன் கொடை போன வருஷம் நன்றாகக் கொடுத்தோம், அதனால் இந்த வருஷம் சீக்கு லேசு என்றார்கள். வராத சாவை யாருக்குக் காட்ட முடியும்? செத்த பிள்ளையைக் காட்டி அழலாம், சாகாத பிள்ளையைக் காட்டி எந்த நியாயம் கேட்பது? ராகேலின் பேத்தி சிமெண்டுத் தளத்தில் பாண்டி விளையாடினாள். முத்துக்கனி தண்ணீர் கோரப் போனால் பெண்கள் வாளியைக் கப்பியில் விட்டுவிட்டு விலகி நின்றார்கள். புருஷன் வாயில் மண்ணைப் போட்டவள் என்று அவள் காதுபடவே பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு முடிந்தது. பந்தியில் முத்துக்கனி பரிமாறியதை யாரும் வாங்கவில்லை, கிருஷ்ணமணி பரிமாறினான். எல்லோரும் போன பிறகு அவன் வண்டியில் தன் துணிமணியை எடுத்து வைத்தான். தக்கலையில் மாமா வீட்டோடு இருந்து வண்டி ஓட்டப் போவதாகச் சொன்னான். மாட்டைப் பூட்டிவிட்டு, நுகத்தடியில் கையை வைத்தபடி நின்றான்.

"எம்மா, ஒண்ணு மட்டும் சொல்லு. நாளைக்கு நான் பேதியில செத்தாலும் நீ கெணத்தடியில வந்து மறிச்சு நிப்பியா?"

தாய் என்று இருக்கிறவள் இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். சொல்லியிருந்தால் அவன் வண்டியை அவிழ்த்திருப்பான். ஆனால் செத்துக்கொண்டிருந்தவனிடம் சொன்ன ஒரு பொய்யே அவளுக்குச் சோறு இறங்க விடவில்லை. இரண்டாவது பொய்க்கு அவளிடம் தெம்பு இல்லை.

"நிப்பேன் மக்கா," என்றாள்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். மாட்டைத் தட்டினான். ஐப்பசியில் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டோம் என்று காஞ்சிரவிளையில் வெடி போட்டு, கருப்புக்கட்டிப் பாயசம் காய்ச்சி ஊருக்கெல்லாம் ஊற்றினார்கள். அதற்கும் அவன் வரவில்லை.